இரண்டாம் தளத்தில் விழுந்த பிழைகள்

இந்த ஆண்டு ஸ்கோரர் வகுப்பில் மூன்று தமிழ்ப் பெயர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வாழ்த்துகள். சுவிஸில் பேஸ்போல் பார்க்க வருகிறவர்களைவிட அதை எழுத வருகிறவர்கள் கூடிவிடுவார்கள் போலிருக்கிறது. தமிழ் வாசிப்பது உங்களுக்குக் கடினம் என்றால் இதை அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவருக்கு பேஸ்போல் தெரியாது, உங்களுக்குத் தமிழ் தெரியாது. இருவரையும் கூட்டினால் ஒரு முழு ஸ்கோரர் தேறும்.

கட்டங்களை எப்படி நிரப்புவது என்று வகுப்பில் சொல்லித்தருவார்கள். அதில் நான் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பென்சிலைப் பிடித்திருக்கும் ஆளைப் பற்றி மட்டும் அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த ஆளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். பதினெட்டு வருடம் அவனோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

கிழமை நாட்களில் நான் ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகள் தோய்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தின் ஓரம் ஒரு மடிப்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, யார் அடித்தார், யார் தவறவிட்டார் என்று எழுதினேன். வாரம் முழுவதும் கறை எடுத்துவிட்டு ஞாயிறன்று மற்றவர்கள் மேல் கறை வைப்பதில் ஒரு சமநிலை இருக்கத்தான் செய்தது.

இந்த வேலைக்கு வந்ததும் பெரிய கதை இல்லை. மட்டக்களப்பில் பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடியவன் நான். ஒரு தடி, ஒரு பந்து, ஓடுவதற்குச் சில மூலைகள், அவ்வளவுதான். ஒரு ஞாயிறு ஆற்றுப் பக்கம் நடந்துபோனபோது அதே எல்லேயை இருபது பேர் தலைக்கவசமும் இடுப்புப் பட்டியும் போட்டுக்கொண்டு, மிகுந்த சிரமப்பட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அவர்களுடைய ஸ்கோரர் விடுமுறைக்கு இத்தாலி போயிருந்தார். எனக்கு எண் எழுதத் தெரியுமா என்று ஒருவர் கேட்டார். தெரியும் என்றேன். இந்த நாட்டில் நேர்முகத் தேர்வு இல்லாமல் எனக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான். இத்தாலி போனவர் திரும்பி வந்து, என் அழகான கையெழுத்தைப் பார்த்துவிட்டு, நிம்மதியாக மீண்டும் இத்தாலிக்கே போய்விட்டார்.

அம்மாவுக்கு விளங்கும்படி ஒரே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பந்தை எறிகிறார், அவர்தான் பிட்சர். எதிரணிக்காரர் அதை அடிக்கிறார். பந்து ஒரு களத்தடுப்பாளரின் பக்கம் போகிறது, அவர் கைக்கு அகப்படவில்லை, அடித்தவர் ஓடிப்போய்த் தளம் என்கிற மூலையில் நின்றுவிடுகிறார். இப்போது எல்லோரும் என் மேசையைப் பார்ப்பார்கள். அது அடியா, பிழையா? சாதாரண முயற்சியில் தடுத்திருக்கக்கூடிய பந்து என்றால் பிழை. அது களத்தடுப்பாளரின் பெயரில் விழும். யாராலும் தடுத்திருக்க முடியாது என்றால் அடி. அதனால் வரும் ஓட்டங்கள் பிட்சரின் பெயரில் விழும். சாதாரண முயற்சி எது என்று தீர்மானிப்பதைச் சட்டப் புத்தகம் மிகுந்த பெருந்தன்மையோடு உங்களிடம் விட்டிருக்கிறது. ஆகவே குளிரில் விறைத்த விரலும், பிளாஸ்கில் ஆறிப்போன தேநீரும், காலையில் மனைவியோடு பட்ட வாக்குவாதமும் கூடி ஒரு நொடியில் முடிவெடுக்கும். செவ்வாய்க்கிழமை அது புள்ளிவிவரம் ஆகிவிடும். புதன்கிழமை யாராவது அதை உண்மை என்று அழைப்பார்கள்.

எந்தக் கழகத்திலும் இரண்டு கட்சிகள் இருக்கும். ஆட்டத்தை வெல்வது எண்கள் என்று ஒரு கட்சி. வெல்வது ஆட்களுக்கிடையே இருக்கும் ஒட்டுதல் என்று மறு கட்சி. முதல் கட்சியிடம் மடிக்கணினி இருக்கும், இரண்டாம் கட்சியிடம் பியர் இருக்கும். இரண்டு கட்சியும் மோதிக்கொள்ளும்போது ஸ்கோரரை யாரும் எதுவும் கேட்பதில்லை. என்னை ஒரே ஒரு தடவை கேட்டார்கள். அந்த ஒரு தடவை நான் என்ன சொன்னேன் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சுதன் எங்கள் அணிக்கு வந்தபோது முப்பதைத் தொட்டிருந்தான். நான் விரிப்புத் தோய்த்த அதே முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடியில் பராமரிப்பு வேலை. இங்கேயே பிறந்தவன், தாய் தகப்பன் எங்கள் மட்டக்களப்புப் பக்கம். நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். வந்த நாளில் இருந்து முதலாம் தளத்துக்கும் இரண்டாம் தளத்துக்கும் நடுவே, இரண்டாம் தளத்துக்காரனாக நின்றான். நின்றான் என்பது பேச்சுக்கு. அவன் ஓரிடத்தில் நின்று நான் கண்டதில்லை. மற்றவருக்குப் போகும் பந்துக்குப் பின்னால் ஓடுவான். மூன்றாம் தளத்துக்காரர் எறிந்த பந்து தவறினால் அது போய்ச் சேரும் இடத்தில் சுதன் ஏற்கனவே இருப்பான். அதற்கு எங்கள் தாளில் ஒரு கட்டமும் கிடையாது. ஓடியவனுக்கு வியர்த்ததோடு சரி.

இரண்டாம் மாடியில் இருப்பவர்கள் பாதிப்பேருக்கு நினைவு இல்லை. அவனைத் தங்கள் மகன், தம்பி, செத்துப்போன புருஷன் என்று நினைத்து ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவனும் எல்லாப் பெயருக்கும் என்ன என்று கேட்பான். ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னான்: “ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அண்ணை எனக்கு ஒரே பேர்.” அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக நத்தார், புத்தாண்டு, கோயில் தேர் என்று மற்றவர்கள் விடுமுறை கேட்டு அடிபடும் நாட்களை எல்லாம் அவன் வேலை அட்டவணையில் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். அவனுக்கு அந்த இரண்டாம் தளம் எவ்வளவு வேண்டியது என்று கழகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்.

அவனுடைய முதல் ஆட்டம் முடிந்ததும், முதலாம் தளத்தில் நிற்கும் தச்சர் ஒருவர் என் தோளில் தட்டி, இனி இந்தப் பக்கம் பிழையே விழாது, மேசையிலும் தமிழர் களத்திலும் தமிழர் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அதை வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்திருப்பார். நான் அதை இரண்டு சீசன் சுமந்தேன்.

நம்முடைய ஆட்களுக்கு இது விளங்கும் என்று நினைக்கிறேன். கடை வைத்தால் சொந்தக்காரனுக்கு நிறை கூடப் போடுகிறான் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் சொந்தக்காரனுக்கே நிறை குறைத்துப் போடுவோம். நானும் அதைத்தான் செய்தேன். சந்தேகமான பந்து வேறு யாரிடம் போனாலும் யோசித்தேன். சுதனிடம் போனால் யோசிக்கவில்லை. பிழை. அடுத்தது? பிழை. ஓடிப்போய்க் கையுறையின் நுனியில் தொட்டுத் தவறவிட்டானா? தொட்டவன் பிடித்திருக்கலாமே, பிழை. ஓடாமல் நின்றிருந்தால் அது அடி, அவன் பெயரில் ஒன்றும் விழுந்திருக்காது. இதற்கு நான் நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன். பெயர் வைப்பதில் நமக்கு என்ன செலவு?

இன்னொன்றும் நடந்தது. சில ஆட்டங்கள் முடிந்ததும், நான் சுத்தப் பிரதி எழுதுவதற்கு முன், சுதன் மேசைக்கு வருவான். தாளில் ஒரு கட்டத்தைத் தொட்டு, பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, மெதுவாகச் சொல்லுவான்: “அண்ணை, இது என்ர பிழை. அடி எண்டு போட்டிருக்கிறியள். மாத்துங்கோ.” ஸ்கோரர் தன் முடிவை ஒரு நாளுக்குள் மாற்றலாம் என்று விதி இருக்கிறது. நான் அழிரப்பரை எடுத்து அழித்து மாற்றிவிடுவேன். எவ்வளவு மானமுள்ள பிள்ளை என்று மெச்சிக்கொள்வேன். கூடவே, தச்சர் இதைப் பார்த்தால் நல்லது என்றும் நினைத்துக்கொள்வேன்.

அவன் வந்தது பெரும்பாலும் மிகேல் பந்தெறிந்து அடிவாங்கிய நாட்களில் என்பதை நான் கவனிக்கவில்லை. மிகேல் எங்கள் முதல் பிட்சர், டொமினிக்கன் ஆள், சரக்குக் கிடங்கில் வேலை. கை தங்கம், தலை கண்ணாடி. செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வந்ததும் உடை மாற்றும் முன்பே கழக அறையாக வைத்திருந்த கண்டெய்னரின் கதவில் நான் ஒட்டியிருக்கும் பிரதியைப் போய்ப் பார்ப்பான். தன் பெயருக்கு நேரே உள்ள வரி சுத்தமாக இருந்தால் அந்தக் கிழமை அவனை ஒருவராலும் அடிக்க முடியாது.

அந்த நாட்களில்தான் பிரகாஷ் வந்து சேர்ந்தார். கோயம்புத்தூர்க்காரர், சூரிச்சில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் ஆபத்துகளுக்கு எண் போடுகிற வேலை. பேஸ்போல் மட்டையைக் கையால் தொட்டதில்லை, அதன் புள்ளிவிவரங்களைக் காதலித்தார். எங்கள் பயிற்சியாளர் ரெட்டோ ரயில் கால அட்டவணை போடுகிறவர். கட்டம் போட்ட எதைக் காட்டினாலும் நம்பிவிடுவார். இரண்டு பேரும் சந்தித்தது இருவருக்கும் பெரிய பாக்கியம். பிரகாஷ் என் இரண்டு சீசன் தாள்களையும் வாங்கிக்கொண்டு போய், ஒரு மாதத்தில் வண்ண வண்ணமாகத் திருப்பிக் கொண்டுவந்தார். அழிரப்பர் தடங்கள் மட்டும் அதில் வரவில்லை.

சீசனில் கடைசி நாலு ஆட்டங்கள் மிச்சம். அவற்றில் சறுக்கினால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும் என்ற நிலை. ரெட்டோ எல்லோரையும் கண்டெய்னருக்குள் கூப்பிட்டு, கிப்ஃபெலி என்கிற பிறை வடிவ ரொட்டியும் கோப்பியும் கொடுத்து, சுவரில் படம் காட்டினார். இந்த நாட்டில் கெட்ட செய்தி சொல்லும்போது கிப்ஃபெலி கட்டாயம் இருக்கும். பிட்சர்கள் எல்லோரும் பச்சையில் இருந்தார்கள். இரண்டாம் தளம் சிவப்பில் இருந்தது. எங்கள் பிட்சர்கள் பிரிவிலேயே மிகச் சிறந்தவர்கள், இரண்டாம் தளத்தில் இருக்கும் ஓட்டையால்தான் தோற்கிறோம், ஓட்டையை அடைத்தால் தப்பிவிடலாம் என்பது கண்டுபிடிப்பு. புதிதாக ஒரு கனடாக்காரர் வந்திருந்தார், அவர் பெயரில் ஒரு பிழையும் இல்லை. சுதன் உட்கார வேண்டும்.

ஒட்டுதல் கட்சி முணுமுணுத்தது. சுதன் இல்லாமல் களம் களமாக இருக்காது என்று பிட்சர் எறிவதைப் பிடிக்கும் கச்சர் சொன்னார். பிரகாஷ் பக்கத்தில் இருந்த என்னிடம் தமிழில் சொன்னார்: “அங்கிள், ஃபீலிங்ஸை ஓரமா வைங்க. டேட்டா பொய் சொல்லாது.”

அந்த டேட்டாவை எழுதியவன் அவருக்குப் பக்கத்தில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் ரெட்டோ என் பக்கம் திரும்பினார். பதினெட்டு வருடத்தில் அந்த ஒரே தடவை. இந்தத் தாள்களை நம்பலாமா என்று கேட்டார். சுதன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு கேள்வியும் இல்லை, அதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது. நம்பலாம் என்றேன். இல்லை என்றால் இரண்டு சீசன் பிழையாக எழுதினேன் என்று ஆகும். தச்சர் வேறு எதிரே இருந்தார்.

சுதன் சுவரில் இருந்த சிவப்பை ஒரு முறை பார்த்து, “ஷ்டிம்ட்” என்றான். சரிதான் என்று அர்த்தம். பிறகு எழுந்து, எல்லோருடைய கோப்பைகளையும் சேர்த்துக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

கனடாக்காரர் அருமையான மனிதர். தன் எல்லைக்குள் வந்த பந்து எதையும் அவர் தவறவிடவில்லை. அவருடைய எல்லை ஒரு யோகா விரிப்பின் அளவு. விரிப்புக்கு வெளியே போன பந்துகளை மரியாதையோடு பார்த்து வழியனுப்பினார். ஓடாதவருக்குப் பிழை கிடையாது. அவை எல்லாம் அடி. நானும் அடி, அடி என்று எழுதிக்கொண்டே போனேன். ஆட்டம் முடிந்து மேசைக்கு ஒருவரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மிகேல் கதவில் தன் வரியைப் பார்த்தான். அடுத்த ஞாயிறு அவன் எறிந்ததெல்லாம் திசை தப்பியது. அதற்கடுத்த ஞாயிறு அவன் கனடாக்காரரைத் தள்ளிவிட்டான்.

மூன்று ஆட்டங்களில் மூன்றும் போயிற்று. எண்கள் சொன்னது நடக்காதபோது எண் கட்சி என்ன செய்யும்? புதிய எண் தேடும். அணிக்குள் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று கண்டுபிடித்து, ஒவ்வொருவரும் மற்றவரை எவ்வளவு நம்புகிறார் என்று ஒன்றில் இருந்து பத்து வரை போடும்படி பிரகாஷ் ஒரு படிவம் அனுப்பினார். மிகேல் தனக்குப் பத்துப் போட்டு, கனடாக்காரருக்கு நேரே அச்சில் ஏற்ற முடியாத ஒரு ஸ்பானிஷ் சொல்லை எழுதியிருந்தான். ரெட்டோ தன் பங்குக்கு ஒட்டுதலை உண்டாக்க ஃபொண்டூ விருந்து வைத்தார். எல்லோரும் ஒரே சட்டியில் உருகிய பாலாடைக்கட்டிக்குள் பாண் துண்டுகளைத் தோய்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். பாலாடைக்கட்டி மட்டும் நன்றாக ஒட்டியது.

விருந்து முடிந்து வெளியே வந்தபோது மிகேல் என்னைப் பிடித்துக்கொண்டான். முன்பும் தனக்குக் கெட்ட நாட்கள் வந்ததுண்டு, ஆனால் தாளில் அவை இவ்வளவு கெட்டதாக இருந்ததில்லையே, எப்படி என்று அரைகுறை ஜெர்மனில் கேட்டான். நல்ல கேள்வி. படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பகல் சலவைப் பகுதியில் எனக்கு வேலை. இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருக்க, விரிப்பு மடிக்கும் பெரிய மேசையில் இரண்டு சீசன் மூலத் தாள்களையும் பரப்பினேன். அழித்து எழுதிய இடங்களை விரலால் தடவிக்கொண்டு போனேன். எல்லாம் சுதனின் கட்டங்கள். பெரும்பாலும் மிகேல் அடிவாங்கிய நாட்கள். அவனை விட்டால் மற்ற இரண்டு பிட்சர்களின் கெட்ட நாட்கள். அடி என்று இருந்தது பிழை ஆகியிருந்தது, பிட்சரின் பெயரில் இருந்தது சுதனின் பெயருக்கு நகர்ந்திருந்தது. சுவரில் பச்சையாகத் தெரிந்தவர்களின் பச்சை எங்கிருந்து வந்தது என்று அப்போது கண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அழுக்கு விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு சுதனே கீழே வந்தான். தாள்களைக் கண்டதும் நின்றான். இதெல்லாம் என்ன என்று கேட்டேன்.

“மிகேல் தன்ர வரியில ஒரு அடி கூடக் கண்டால் அடுத்த கிழமை முழுக்க எறிய மாட்டான் அண்ணை. தலை குழம்பிடும். எனக்குப் பிழை விழுந்தால் என்ன, நான் பந்தெறியிறனோ?”

உன்னை உட்கார வைத்தார்களே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

“சொன்னால் அவன்ர நல்ல வரி எல்லாம் பொய்யாப் போயிடும்.” வண்டியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டு, “நீங்கள் தெரிஞ்சுதான் மாத்துறியள் எண்டு நினைச்சன். உங்களுக்கு விளங்கும்தானே எண்டு” என்றான்.

இரண்டு வருடமாக அவன் என்னைத் தன் கூட்டாளி என்று நினைத்திருக்கிறான். தன்னைப்போல நானும் மிகேலுக்காகச் செய்கிறேன் என்று. நான் தச்சருக்காகச் செய்துகொண்டிருந்தேன். அதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

கடைசி ஆட்டம் மறுநாள் ஞாயிறு இரண்டு மணிக்கு. தோற்றவர் கீழே போவார். காலையிலேயே கண்டெய்னருக்குப் போனேன். ரெட்டோவும் பிரகாஷும் திரைக்கு முன்னால் இருந்தார்கள். பிள்ளைகளே, உங்கள் வேலையில் வரும் அவசரம் இப்படித்தான் இருக்கும். யாரும் மணி அடித்து அறிவிக்க மாட்டார்கள். முழு உண்மையையும் சொன்னால் சுதன் தப்புவான், ஆனால் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் இருக்கும்போது மிகேல் உடைந்துபோவான். சொல்லாவிட்டால் சுதன் உட்கார்ந்தே இருப்பான். நான் உண்மையை இரண்டாகப் பிரித்து என் பங்கை மட்டும் சொன்னேன். சுதன் தமிழன் என்பதால், எனக்குப் பக்கச்சார்பு என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, அடி என்று எழுத வேண்டியதைப் பிழை என்று எழுதினேன். ஒரு தடவை இல்லை, இரண்டு சீசன். அவன் மேசைக்கு வந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை.

ரெட்டோ, ரயில் காரணமில்லாமல் தாமதமாகலாம் என்று முதன்முதலாகக் கேள்விப்பட்டவர் போல இருந்தார். பிரகாஷின் முகம் சிவந்தது. கத்துவார் என்று நினைத்தேன். மடிக்கணினியை மெதுவாக மூடினார்.

“அங்கிள், அப்போ உங்களோட ரெண்டு வருஷ பயத்துக்குத்தான் நான் கிராஃப் போட்டேனா?”

“ஓம் தம்பி,” என்றேன்.

ஸ்கோரர் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னேன். ரெட்டோ உடனே ஏற்றுக்கொண்டார். பிறகு யோசித்து, இன்று எழுத வேறு ஆள் இல்லை, ஆகவே ஆட்டம் முடிந்தபின் விலகும்படி கேட்டுக்கொண்டார். இந்த நாட்டில் அவமானப்பட்டு வெளியேறுவதற்கும் முன்னறிவிப்புக் காலம் உண்டு. பிறகு வெள்ளைப் பலகைக்குப் போய், கனடாக்காரரின் பெயரை அழித்துவிட்டுச் சுதனின் பெயரை எழுதினார்.

சுதன் வந்ததும் களம் மாறியது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒட்டுதல் கட்சி அதைத்தான் எதிர்பார்க்கும். மாறியது, உண்மை, கச்சர் பாட்டுப் பாடினார், மிகேல் சிரித்தான், தச்சர்கூட ஓடினார். கடைசிச் சுற்று வரை ஒரு ஓட்டம் முன்னால் இருந்தோம். எதிரணியில் இரண்டு பேர் வெளியேறிவிட்டார்கள், இன்னும் ஒருவர் போனால் போதும். இரண்டாம் தளத்திலும் மூன்றாம் தளத்திலும் அவர்களுடைய ஆட்கள் நின்றார்கள். மிகேல் எறிந்தான். அடித்த பந்து முதலாம் தளத்துக்கும் சுதனுக்கும் நடுவே தரையோடு பறந்தது. அது எந்த மனிதனுக்கும் உரிய பந்து இல்லை. கனடாக்காரர் என்றால் கை அசைத்து அனுப்பியிருப்பார். சுதன் பாய்ந்தான். முழு உடம்பும் மண்ணுக்கு மேலே நீட்டிக்கிடந்தது. கையுறையின் நுனியில் பட்டு, பந்து புல்லுக்குள் போனது. அவர்களுடைய இரண்டு பேரும் ஓடி வந்து ஒரு ஓட்டம் முந்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் அடிக்கும் முறை. மூன்று பேர் போனார்கள், மூன்று பேரும் உடனே திரும்பி வந்தார்கள். தோற்றோம். கீழ்ப் பிரிவு. சுதன் இருந்தும் தோற்றோம், எண்களைத் திருத்தியும் தோற்றோம். இரண்டு கட்சிக்கும் என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

நான் அந்தக் கட்டத்தில் அடி என்று எழுதியிருந்தேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை, ஏனென்றால் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவனைப் பற்றி இரண்டு சீசனில் நான் எழுதிய முதலாவது சரியான எழுத்து அதுதான் என்று நினைக்கிறேன்.

சுதன் மேசைக்கு வந்தான். தாடையில் மண். கட்டத்தைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டு, “அண்ணை, இது என்ர பிழை. மாத்துங்கோ” என்றான்.

மாட்டேன் என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையில் அன்றுதான் கோபம் கண்டேன். “இவ்வளவு நாளும் மாத்தினியள்தானே. இண்டைக்கு மட்டும் என்ன?”

அழிரப்பரைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

மிகேல் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் கட்டத்தைத் தொட்டு நெஞ்சைத் தொடும் அந்தச் சைகையை அவன் பல ஞாயிற்றுக்கிழமைகளில் தூரத்தில் இருந்து கண்டிருக்கிறான். அன்றுதான் பக்கத்தில் நின்று கண்டான். தாளைப் பார்த்தான். சுதனைப் பார்த்தான். என்னிடம் கேட்ட கேள்விக்கு அவனுக்கு விடை கிடைத்துவிட்டது. முகம் வெளிறியது, இனி இவன் பந்தைத் தொடமாட்டான் என்று பயந்துபோனேன். அவன் சுதனின் விரலைத் தாளில் இருந்து மெல்ல எடுத்துவிட்டு, தன் விரலை அந்தக் கட்டத்தின் மேல் வைத்தான்.

என்னுடையது, எழுது என்று ஜெர்மனில் சொன்னான். பிறகு சுதனின் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டான். இருவரும் போய்க் களத்தை மூடும் தார்ப்பாயை இழுக்கத் தொடங்கினார்கள். மழை வரப்போகிறது என்று கண்டதும் மற்றவர்களும் போனார்கள், பிரகாஷும் போனார். அலுவலகச் சப்பாத்தோடு ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார். நான் எழுதிய கடைசித் தாளை அப்படியே மடித்து உறையில் போட்டேன்.

மிகேல் அடுத்த சீசன் கீழ்ப் பிரிவில் எறிந்தான். அடிவாங்கினான், மறுபடி எறிந்தான். கதவில் பிரதி ஒட்டும் இடத்தில் இப்போது பயிற்சி நேரம் மட்டும் இருக்கிறது. இந்தக் கதையை எழுதலாம் என்று சொன்னதும் அவன்தான். சுதனிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் தன் பிழை என்பான்.

பிரகாஷ் அந்தக் குளிர்காலம் மூன்று ஞாயிறு என் வீட்டுக்கு வந்தார். பழைய தாள்களை வைத்துக்கொண்டு, எது உண்மையில் அடி, எது பிழை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார். லீக்குக்கு அனுப்பினோம். காலக்கெடு தாண்டிவிட்டதால் மாற்ற இயலாது என்று மிகவும் பணிவான கடிதம் வந்தது. ஆகவே லீக்கின் பதிவேட்டைத் திறந்தால் இரண்டாம் தளத்துக்காரர்களின் பட்டியலில் அடிமட்டத்தில் சுதனின் பெயரைப் பார்ப்பீர்கள். நீங்கள் எல்லோரும் செத்த பிறகும் அது அங்கேதான் இருக்கும். என் கையெழுத்து அழகானது என்று சொன்னேனே.

ஒருநாள் யாராவது புதிதாக ஒருவர் மடிக்கணினியோடு வந்து, அந்த வரியைக் காட்டி, இப்படி ஒரு ஆளை ஏன் விளையாட விட்டார்கள் என்று கேட்பார். கிப்ஃபெலி இருக்கும், கோப்பி இருக்கும். ஒருவேளை உங்கள் பக்கம் திரும்பி, இந்தத் தாள்களை நம்பலாமா என்றும் கேட்பார். அப்போது கோப்பியைக் கீழே வையுங்கள். நான் வைக்கவில்லை.